பேராதனைப் பூங்காவின் ஓவியர்

ஹேவாஹெட்டவில் படித்த நாம் ஜேம்ஸ் டெயிலரை மறப்பதில்லை. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் அவர் தேயிலை பயிரிட்டதைச் சமூகக்கல்விப் பாடத்தில் மனனம் செய்தவர்களல்லவா! அவர் முதலில் தேயிலை விதை பெற்றது பேராதனைப் பூங்காவிலிருந்து. அப்பூங்காவின் ஓவியர் ஹரமானிஸ் டி அல்விஸ் செனவிரத்னவை நம்மில் பலர் கேள்விப்பட்டதேயில்லை.

1823இல் அலெக்சாண்டர் மூன் காலத்தில் பணியில் சேர்ந்த இவர், விக்டோரியா மகாராணியின் ஆட்சிக்காலம் வரை 38 ஆண்டுகள் இலங்கையின் செடிகொடிகளை வரைந்தார். உலர்த்திய செடியில் நிறம் மங்கும், பூ சுருங்கும். கடல்கடந்த தாவரவியலாளர்களுக்கு உயிர்ச்செடியைக் காட்டியது இவரது தூரிகையே. உடற்கூற்றுப் படங்களைப் பார்த்து வைத்தியம் பயின்ற எமக்கு அந்த உழைப்பின் அருமை புரிகிறது.

ஜோன் லிண்ட்லி ஓர் ஓர்க்கிட் பேரினத்துக்கு இவர் நினைவாக ‘அல்விசியா’ எனப் பெயரிட்டார். பின்னர் அது வேறொரு பேரினத்துடன் சேர்க்கப்பட, அப்பெயரும் வழக்கொழிந்தது. கலை மட்டும் மகன் வில்லியமிடம் தொடர்ந்தது. பிரெடெரிக் மூர் எழுதிய இலங்கை வண்ணத்துப்பூச்சிகள் பற்றிய நூலுக்கு (1880–1887) டி அல்விஸ் குடும்பத்தாரின் ஓவியங்களே ஆதாரம். நூலோ மூரின் பெயராலேயே அறியப்படுகிறது.

நமது நூறாண்டிலும் இப்படி மறைந்த பெயர்கள் உண்டு. பழைய வகுப்புப் படங்களில் நிற்கும் மாணவிகள் யார்? மணியடித்த ஐயா யார்? சகோதரிகளே, எந்நாட்டில் வாழ்ந்தாலும் உங்களிடமுள்ள படங்களின் பின்புறத்தில், தெரிந்த பெயர்களை இன்றே எழுதிவையுங்கள். அடுத்த நூற்றாண்டு மலருக்கு அவை வேண்டும்.