அறுப்பவர் ஒருவர், ஆற்றுபவர் பலர்

மச்சமோ மருவோ எடுக்க வேண்டும் என்றால் லேசரா, கத்தியா என்றுதான் முதலில் கேட்கிறோம். எடுத்த இடத்தை அடுத்த சில வாரங்கள் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது மருந்துச் சீட்டின் கடைசி வரியாகிவிடுகிறது. சோழ நாட்டு வைத்தியம் ஆற்றும் வேலைக்கு இதைவிடப் பெரிய இடம் கொடுத்திருந்தது. சோழ மன்னன் வீரராஜேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டில் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை, ஒன்று வருகிறது. அங்கே சல்லியக்கிரியை (அறுவை) செய்பவர் ஒருவர்தான். அவரோடு ஒரு வைத்தியர், மூலிகையும் விறகும் கொண்டுவர இருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர், ஒரு நாவிதர், ஒரு தண்ணீர்க்காரர். இவர்களின் பிழைப்புக்கு நெல்லும் ஒதுக்கப்பட்டது.

திருமுக்கூடல் பாலாற்றங்கரை ஊர், சோழ நாட்டின் மையமான தஞ்சைக்கு அது எப்படிச் சான்றாகும் என்று கேட்கலாம். தஞ்சாவூரிலும் சுந்தர சோழ விண்ணகர் ஆதுலசாலை இருந்தது. அதன் வைத்தியருக்குச் சோழ இளவரசி குந்தவை நிலம் அளித்தாள். பொது ஆதுலசாலைக்கும் மச்சத்துக்கும் என்ன தொடர்பு என்றும் கேட்கலாம். பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதை மச்சத்தைச் சுரண்டி எடுத்து, காரத்தாலோ நெருப்பாலோ மெல்ல மெல்லச் சுடச் சொல்கிறது. அதே நூல் புண்ணுக்கு 60 வகைச் சிகிச்சைகளை அடுக்குகிறது. தழும்பின் நிறத்தைச் சுற்றியுள்ள தோலோடு சேர்ப்பதும், அங்கே மீண்டும் முடி முளைக்கச் செய்வதும் அவற்றில் அடங்கும். புண் மூடியதோடு வைத்தியம் முடிந்ததாக அந்த மரபு எண்ணவில்லை. பிற்காலத்தில் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) தன்வந்திரி மகாலில் மருந்து முறைகளைச் சோதித்துப் பார்க்கச் செய்தார். கண் நோயாளிகளின் நிலையைப் படம் வரைந்து எழுதிய ஏடுகள் இன்றும் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் உள்ளன. நோயாளியைக் கூர்ந்து கவனித்துக் குறித்து வைப்பதும் வைத்தியத்தின் பகுதி என்பதற்கு அவை சாட்சி.

அப்படியானால் பழைய மருந்துக்கே திரும்பிவிடலாமா? கூடாது. சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து மருவில் வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தேர்ந்த கை இல்லாத இடத்தில் அந்தக் காரம் ஆழமாகச் சுட்டுப் பெரிய தழும்பை விட்டுப்போகும். நிறமோ வடிவமோ மாறிய மச்சத்தைச் சுட்டுவிட்டால், புற்றுநோயா என்று சோதித்துப் பார்க்கத் திசுவே மிஞ்சாது. ஊமத்தை இலைச்சாறு, தேங்காய் எண்ணெய், துருசு (செம்புச் சல்பேட்) சேர்த்துக் காய்ச்சும் பச்சை நிற மத்தன் தைலத்தில் நனைத்த துணியைப் புண்ணில் போடுவது சித்த மரபு. துருசு இருப்பதால் அதை நாமாக எடுத்துப் பூசக் கூடாது. ஆனால் புண்ணைக் காயவிடாமல் மூடி வைக்கும் அதன் எண்ணம் சரியானது. ஈரம் காக்கப்பட்ட புண்ணில், பொருக்கு கட்டியதைவிட விரைவாகப் புதுத்தோல் படர்கிறது என்று 1962இல் ஆய்வாளர் ஜார்ஜ் விண்டர் காட்டினார். சோப்பும் தண்ணீரும் கொண்டு மெல்லக் கழுவி, வாசலைன் தடவி, மூடி, பொருக்கைப் பிய்க்காமல் விட வேண்டும்.

காவிரி டெல்டாவில் இன்னொரு சிக்கல் உண்டு. வெயில் பட்டால் புதுத்தோல் கறுத்துவிடும். நமது தோலில் அந்தக் கறை மாதக்கணக்கில் நிற்கும். நடவும் களையெடுப்பும் வெட்டவெளியில், சேற்று நீரில் நடக்கிற வேலைகள். கூலிக்குப் போகிறவர் எப்படி ஓய்வெடுப்பார் என்பது நியாயமான கேள்விதான். புண்ணை மூடிக் கட்டுவதும் முழுக்கைச் சட்டை போடுவதும் ஓரளவு உதவும். மீதியை நோயாளியின் தலையில் கட்டக் கூடாது. அறுத்து அனுப்புவதோடு நிற்காமல், ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செவிலியர் புண்ணைப் பார்த்துக் கட்டு மாற்ற வழி வேண்டும். சோழர் சாசனத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, ஆற்றுபவருக்கும் ஊதியம் ஒதுக்கிய அந்த ஏற்பாட்டைத்தான்.