அறிவியற் புனைகதையின் எல்லை

அறிவியற் புனைகதை, மாயப் புனைகதை என்னும் இரண்டும் மேலை இலக்கியத்துள் தனித்தனி வகைகளாக எண்ணப்படுகின்றன. அறிவியலுக்கு ஒத்த வியப்பைக் கூறுவது முன்னது. ஒவ்வாத வியப்பைக் கூறுவது பின்னது என்பர். இவ்விலக்கணம் பொருந்துமா என்பதைத் திங்களுக்குச் செல்லும் பயணம் பற்றிய இரு நாவல்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன் 1865-இல் வெளியிட்ட நாவலில், 900 அடி நீளமுள்ள பீரங்கியினின்று மூவரைக் கொண்ட குண்டு திங்களை நோக்கிச் செலுத்தப்படுகிறது. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1901-இல் வெளியிட்ட நாவலிலோ, புவியீர்ப்பைத் தடுக்கும் 'கேவரைட்' என்னும் கற்பனைப் பொருளின் துணையால் இருவர் திங்களை அடைகின்றனர். 1903-இல் அளித்த நேர்காணலொன்றில் வெர்ன், தாம் இயற்பியலைப் பயன்படுத்துவதாகவும், வெல்ஸ் இல்லாததைப் படைத்துக்கொள்வதாகவும் வேறுபடுத்தி, அப்பொருளைக் காட்டுமாறு கேட்டார்.

மேற்போக்காக நோக்கின் வெர்ன் கூற்றே வலியுடையது போலத் தோன்றும். ஆயின் அவருடைய பீரங்கியையும் அதே துலாக்கோலில் நிறுத்தல் வேண்டும். 900 அடித் தொலைவுக்குள் புவியை விட்டு நீங்கும் வேகத்தைக் குண்டு பெறுமாயின், அதனுள் இருப்போர்மேல் புவியீர்ப்பினும் 20,000 மடங்குக்கு மேற்பட்ட விசை தாக்கும். அதிர்ச்சியைத் தாங்குதற்கு வெர்ன் அமைத்த நீரடுக்கு அவர்களைக் காவாது. எனவே, அறிவியல் உண்மை ஒன்றே அளவுகோலாயின் வெர்ன் நாவலும் அவ்வகையினின்று நீங்கும். அன்றியும், அறிவியற் கொள்கை மாறுந்தோறும் நூல்களின் வகையும் மாற வேண்டியதாகும். இதனை ஏற்பார் இலர்.

வெல்ஸ் 1933-இல் தம் கதைத் தொகுதிக்கு எழுதிய முன்னுரை இவ்விடத்தில் பெரிதும் துணைபுரிகிறது. தம் கதைகள் நடக்கக்கூடியவற்றை முன்னறிவிப்பன அல்ல என்பதை அவர் மறைக்கவில்லை. பழைய மந்திரத்தின் இடத்தில் அறிவியற் பேச்சை அமைத்து, நடவாத ஒன்றை மட்டும் வாசகனை ஏற்கச் செய்து, ஏனையவற்றை இயல்பு வாழ்க்கையாகவே காட்டுவது தம் முறை என்பது அவர் கருத்து. மாயப் புனைகதையின் முறை வேறு. 1939-இல் செயிண்ட் ஆண்ட்ரூசு பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவாற்றிய ஜே. ஆர். ஆர். டோல்கீன், ஆசிரியன் படைக்கும் இரண்டாம் உலகம் தன் சட்டங்களுக்குத் தானே முரணாது நிற்பதால் நம்பிக்கை பெறுகிறது என்று விளக்கினார்.

இவற்றால், எல்லைக்கோடு வியப்பின் மெய்ம்மையில் இல்லை, அதனை நம்பச் செய்யும் முறையில் உள்ளது என்பது பெறப்படும். நம் உலகின் அறிவை நீட்டி நம்பிக்கை பெறுவது அறிவியற் புனைகதை. தனக்கென ஓர் உலகை வகுத்து நம்பிக்கை பெறுவது மாயப் புனைகதை. உட்பிரிவுகளையும் இவ்வாறே வகுத்தல் தகும். ஹால் கிளெமெண்ட் 1954-இல் நூலாக வெளியிட்ட 'மிஷன் ஆஃப் கிராவிட்டி' இயற்பியலை நீட்டுகிறது. அர்சுலா லெ குவின் 1969-இல் வெளியிட்ட 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' மானிடவியலை நீட்டுகிறது. வியக்கத்தக்கது எது என்று வினவுவதோடு அமையாது, அஃது எவ்வாறு நம்பத்தக்கதாயிற்று என்று வினவுவதே இவ்வகை நூல்களை ஆராய்வார்க்கு உரிய நெறியாம்.