ரத்தன்பூர்ச் செம்மணிகள்

நருமதை கடலில் கலக்குமுன் கடந்து செல்லும் பரூச் மாவட்டத்தில், ஜகடியா வட்டத்தில், ரத்தன்பூர் என்றொரு சிற்றூர் உண்டு. குசராத்தின் அகேட் சுரங்கங்களைப் பற்றி எழுதுவோர் முதலில் சுட்டும் ஊர் அதுவே. அரபியர் அகீக் என்றழைக்கும் அக்கல்லின் செந்நிற வகையைத் தமிழர் சூதுபவளம் என்பர். பவளம் கடலிற் பிறப்பது. இதுவோ எரிமலை தந்த கல். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தின்மேல் பரவிய எரிமலைக் குழம்பு ஆறியபோது, அதனுள் சிக்கிய வளிக்குமிழ்கள் வெற்றிடங்களாய் நின்றன. சிலிக்கா கரைந்த நீர் அவற்றுள் கசிந்து அடுக்கடுக்காய்ப் படிந்தது. பின்னாளில் பாறை சிதைய, நீரால் உருட்டப்பட்ட கற்கள் ரத்தன்பூர்க் குன்றுகளின் கூழாங்கற் படுகையில் புதையுண்டன.

அவற்றைத் தோண்டியவர் பெரும்பாலும் பீல் பழங்குடியினர். ஏறத்தாழ நான்கடி அகலம், முப்பதடி ஆழம் உள்ள குழிகளை இறக்கி, அடியிலிருந்து பக்கவாட்டில் குடைந்து சென்றனர் என்று 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் குறிப்புகள் கூறுகின்றன. மேலே வந்த கல்லை அங்கேயே ஒரு சில்லு பெயர்த்துப் பார்ப்பர். தேறாத கல் குழியோரத்திலேயே கிடக்கும்.

தேறிய கல்லும் உடனே சிவந்துவிடுவதில்லை. மங்கிய மஞ்சளும் பழுப்புமாய் இருக்கும் அதை வாரக்கணக்கில் வெயிலில் காயவிட்டு, பின்பு மண்பானைகளில் இட்டு, சாண எரியில் இரவு முழுதும் சுடுவர். கல்லிலுள்ள இரும்புச் சேர்மம் தன் நீரை இழந்து செந்நிறம் கொள்ளும். ஆகவே சூதுபவளத்தின் சிவப்பு, பாதி மண் தந்தது. மீதி மனிதன் மூட்டிய நெருப்பு தந்தது.

ரத்தன்பூர்க் குன்றின்மேல் பாபா கோர் என்னும் அபிசீனியப் பெரியாரின் அடக்கத்தலம் உள்ளது. அகேட் வாணிகத்தைத் தொடங்கி வைத்தவர் அவரே என்பது, ஆப்பிரிக்க வழித்தோன்றல்களான சித்தி மக்களின் மரபுரை. தொழில் அவரினும் ஆயிரக்கணக்கான ஆண்டு மூத்தது என்று சொல்லி அதைத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் இம்மணிகள் அரபு நாட்டுக்கும் கிழக்காப்பிரிக்கக் கரைக்கும் சென்ற கடல்வழியின் நினைவை ஏடுகளைக் காட்டிலும் உயிர்ப்புடன் காத்து வைத்திருப்பது அம்மரபுரைதான்.

தொழிலின் தொன்மைக்கு மண்ணே சான்று. லோத்தலிலும் சான்குதாரோவிலும் சிந்துவெளி மக்களின் மணிப்பட்டறைகள் வெளிப்பட்டுள்ளன. அவர்கள் கடைந்த நீண்ட செம்மணிகள் மெசப்பத்தாமியாவின் ஊர் நகரத்து அரச கல்லறைகளில் கிடைத்தன. அந்நாளைய கல் துரப்பணத்தால் ஒரு மணி நேரத்தில் 2.5 மில்லிமீட்டர் அளவே துளைக்க முடியும் என்று கெனோயர் போன்ற ஆய்வாளர்கள் செய்து பார்த்துக் கணித்துள்ளனர். விரல் நீள மணி ஒன்றுக்குத் துளையிடவே நாட்கள் பல கழிந்திருக்கும்.

கி.பி. முதல் நூற்றாண்டில், பரூச்சாகிய பாரிகாசாத் துறைமுகத்துக்கு உள்நாட்டிலிருந்து இவ்வகைக் கற்கள் வந்திறங்கியதைப் பெரிப்ளூஸ் குறிக்கிறது. அக்கல் தெற்கேயும் வந்தது. நொய்யற்கரைக் கொடுமணலில், பதிற்றுப்பத்து அணிகலன்களுக்காகப் போற்றும் கொடுமணம் என அறிஞர் கருதும் அவ்வூரில், ஒரே ஈமச்சின்னத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. கல் குசராத்தினது என்றே தொல்லியலார் கருதுகின்றனர்.

இடைக்காலத்திற்குப் பின் இத்தொழிலின் தலைநகர் காம்பே எனப்பட்ட கம்பாத். ரத்தன்பூர்க் கற்கள் அங்கேதான் உடைத்து, தீட்டி, துளையிடப்பட்டன. 19-ஆம் நூற்றாண்டில் பிரேசில் நாட்டுக் கல்லை வாங்கிய செருமனியின் இடார் நகரத்தார், கம்பாத் மணிகளைப் போலவே செய்து ஆப்பிரிக்காவில் விற்கத் தொடங்கியபோதும் பட்டறைகள் ஓயவில்லை.

ஓய்ந்தவர்கள் வேறு. சாணை பிடிக்கையில் எழும் தூள் வெறும் புழுதியன்று, நுண்ணிய சிலிக்கா. மூச்சோடு நுரையீரலில் தங்கி அதைத் தழும்பாய் இறுக்கும். இறுகிய நுரையீரலை மீண்டும் இளக்கும் மருந்து இல்லை. மின்சாரச் சாணை வந்தபின் வேலை விரைந்தது, தூளும் பெருகியது. பட்டறையே வீடாகவும் இருப்பதால் சக்கரத்தைத் தொடாத மனைவி மக்களும் அதையே சுவாசித்தனர். சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோய் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே இடம்பெற்றது. எனினும் மின்விசை கொண்டு பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடம், 2025 வரை நடப்பிலிருந்த அச்சட்டத்தின் பொது வரையறையில் தொழிற்சாலை ஆகவில்லை. வீட்டுத் திண்ணையில் நான்கு பேர் அமர்ந்து தீட்டும் கம்பாத் பட்டறைகள் பலவும் இதனால் கணக்கில் வரவில்லை. நோயாளிக்குத் தொழில்வழி நோய் என்ற சான்றோ இழப்பீடோ எளிதில் கிட்டுவதில்லை; இருமி இளைத்து மருத்துவமனைக்கு வருபவரின் சீட்டில் காசநோய் என்று எழுதப்படுவதே வழக்கமாயிற்று.