ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம்: எண்ணப்பட்டவர்களும் எண்ணப்படாதவர்களும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்றதும் இன்று கார் ஆலைகளே நினைவுக்கு வருகின்றன. இவ்வட்டாரத்தில் மக்களை எண்ணிய வரலாறோ மிகப் பழையது. 1763இல் ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜா, இப்பகுதி அடங்கிய செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக வழங்கினார். வருவாயை அறிய விரும்பிய கம்பெனி, தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரை அனுப்பியது. 1767 முதல் 1774 வரை அவர் ஏறத்தாழ 2,000 ஊர்களின் நிலம், ஏரி, வீடுகள், குடிகளின் தொழில் ஆகியவற்றைக் கணக்கெடுத்தார். இந்தியாவின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஏறத்தாழ நூறாண்டு முந்தைய பணி அது.

அந்த எண்கள் நிலைக்கவில்லை. 1780 செப்டம்பர் 10 அன்று, காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை முறியடித்தனர். அவ்வெற்றியை நம்மவர்கள் பெருமையோடு பேசுவார்கள், பேசட்டும். அப்போரில் ஜாகீரின் ஊர்கள் பாழாயின, குடியானவர்கள் ஊரைவிட்டு ஓடினர், பஞ்சம் வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1794இல் பொறுப்பேற்ற கலெக்டர் லயோனல் பிளேஸ், கலைந்துபோன குடிகளை மீண்டும் நிலைநிறுத்தப் பெரும்பாடு பட்டார்.

பின்னர் நெடுங்காலம் ஏரியும் நெல்லுமே இங்கு வாழ்வு. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான். 2001இல் சுமார் 16,000 பேர் வாழ்ந்த ஸ்ரீபெரும்புதூரில் 2011இல் சுமார் 25,000 பேர். 2021இன் கணக்கெடுப்பு தள்ளிப்போய், இப்போது 2027க்கு அறிவிக்கப்பட்டுள்ளது. இடையில் வந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு அரசிடமே புதிய கணக்கு இல்லை.

நம் ஜமாஅத்துகளிடம் உண்டா? பொதுவாக மஹல்லா பதிவேடு என்பது சந்தா செலுத்தும் குடும்பங்களின் பட்டியல்தான். நிக்காஹ் பதிவுக்கும் ஜனாஸா ஏற்பாட்டுக்கும் அதையே புரட்டுகிறோம். பீகார், வங்காளம், அஸ்ஸாமிலிருந்து வந்து வாடகை அறைகளில் தங்கும் இளைஞர்கள் ஜும்ஆவில் பின் ஸஃப்புகளை நிரப்புகிறார்கள். பதிவேட்டில் அவர்களுக்கு ஒரு வரியும் இல்லை. அவர்களில் ஒருவர் வஃபாத்தானால், வீட்டாருக்குச் செய்தி சொல்லவே எண் தேடி அலைய நேரும்.

இஸ்லாத்தை மொழிந்தவர்களின் பெயர்களை எழுதித் தருமாறு நபி (ஸல்) அவர்கள் கேட்டபோது 1,500 பேர் எழுதப்பட்டதாக ஹுதைஃபா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. இஸ்லாத்தை மொழிந்திருப்பதே அங்கு நிபந்தனை. சந்தாவும் இல்லை, சொந்த ஊரும் இல்லை.

இதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. பெயர், சொந்த மாவட்டம், வீட்டாரின் தொலைபேசி எண், இரத்த வகை ஆகியவற்றுக்கு ஒரு தனி நோட்டுப் போதும். ஜும்ஆ முடிந்ததும் உர்தூ பேசத் தெரிந்த ஒருவர் வாசலருகே அதனுடன் அமர்ந்தால், நான்கைந்து வாரங்களில் பெரும்பாலோரின் பெயர்கள் அதில் ஏறிவிடும்.