திருகோணமலைத் தளம்: 1948இல் முடியாத கதை

எங்கள் உக்குவளையில் சுதந்திரப் பாடம் நடத்தும்போது 1948 பெப்ரவரி 4 என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் வழக்கம். ஒருமுறை பின்வாங்கிலிருந்த பையன் ஒருவன், "அப்ப அதுக்குப் பொறகும் திருகோணமலையில வெள்ளக்காரன்ட கப்பல் ஏன் சேர் ஈந்த?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

அந்தத் துறைமுகத்தின் அருமை காற்றோடு சம்பந்தப்பட்டது. வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் சென்னை உள்ளிட்ட சோழமண்டலக் கரையில் பெருங்கப்பல்கள் ஒதுங்க இடமில்லை. ஆங்கிலக் கடற்படை பம்பாய் வரை ஓட வேண்டியிருந்தது. திருகோணமலையோ எக்காலமும் ஒதுங்கக்கூடிய ஆழமான குடா. அதனால்தான் 1782இல் ஒரே ஆண்டுக்குள் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயரும், ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனும் அதைப் பிடித்தார்கள். திரும்பவும் ஒல்லாந்தர் கைக்குப் போனதை 1795இல் எடுத்துக்கொண்ட ஆங்கிலேயர் பிறகு விடவேயில்லை.

கப்பல்கள் நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறியபின், சீனக்குடாக் காட்டுக்குள் பாரிய எண்ணெய்த் தாங்கிகள் எழுந்தன. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது; ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. முதல்நாளே துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த 'ஹேர்மிஸ்' விமானந்தாங்கிக் கப்பலும் தப்பவில்லை. மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கி இன்றும் அங்கேயே கிடக்கிறது. 1944இல் மவுண்ட்பேட்டனின் தலைமையகம் எங்கள் பக்கத்துப் பேராதனைக்கே வந்தது.

இனிப் பையனுடைய கேள்வி. 1947 நவம்பரில், சுதந்திரத்துக்கு முன்பே, பாதுகாப்பு உடன்படிக்கை ஒன்று கைச்சாத்தானது. அதன்படி தளங்கள் பிரித்தானியரிடமே இருந்தன. டி. எஸ். சேனாநாயக்கா அதைக் காவலாகக் கண்டார். சிறிய நாடு, சொந்தக் கடற்படையும் இல்லை. அவருடைய பயத்தை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். ஆனால் அதற்கு விலை இருந்தது. இது உண்மையான சுதந்திரமா என்று கேட்டு சோவியத் ஒன்றியம் ஐ.நா. சபையின் கதவை அடைத்தது. 1955 டிசம்பரில்தான் இலங்கை உள்ளே போனது.

தளங்களைத் திருப்பிக் கேட்பேன் என்று சொல்லியே 1956 தேர்தலில் பண்டாரநாயக்கா வென்றார். அவ்வருட இறுதியில் பிரித்தானியா, பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் எகிப்தின் மீது பாய்ந்தன. இலங்கை கண்டித்தது. கண்டித்த நாட்டின் துறைமுகத்திலேயே, தாக்கிய நாட்டின் கடற்படைத் தளம்! சுயெஸ் விவகாரத்தை அரபு நாட்டுச் செய்தியாக மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்கள் எங்களில் அதிகம். திருகோணமலையிலிருந்து பார்த்தால்தான் அது எங்கட கதையும் என்பது விளங்கும்.

1957 ஒக்டோபரில் தளம் கைக்கு வந்தது. சும்மா வரவில்லை. கட்டுநாயக்காவும் சேர்த்து, விட்டுச்சென்ற சொத்துக்களுக்காக 2 கோடி 20 இலட்சம் ரூபாய் கொடுக்க ஒப்புக்கொண்டோம். எங்கட மண்ணில கட்டினதுக்கு நாங்களே காசு!

சீனக்குடாவில் 99 தாங்கிகள் இன்றும் நிற்கின்றன. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 24 எங்கள் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்திய நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு, மிகுதி 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. குத்தகைக் காலம் 50 ஆண்டுகள்.