மூன்று காதல், ஒரே அப்பா

ஒரே படத்தில் மூன்று ஜோடிகள். ஒருவர் காதலில் இன்னொருவர் காதல் போய்ச் சிக்கிக் கொள்ளும். ஏகப்பட்ட பொய், ஆள்மாறாட்டம், கடைசியில் எல்லோருக்கும் கல்யாணம்! இந்த மாதிரி காமெடிப் படங்கள் ஹாலிவுட்டிலிருந்து வந்தவை என்று பலரும் நினைப்பதுண்டு. ஆனால் தமிழில் இதற்கென்று தனி வரலாறே இருக்கிறது. அந்த வரலாற்றில் எல்லாக் காதல்களையும் சேர்த்துக் கட்டும் கயிறு ஒன்று உண்டு. அது அப்பா.

இதைப் புரிந்து கொள்ள ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தொடங்கலாம். ஆண்டாள் கதை எல்லோருக்கும் தெரியும். மனிதர் யாரையும் மணக்க மாட்டேன், அரங்கனைத்தான் மணப்பேன் என்று மகள் சொல்லிவிட்டாள். பெரியாழ்வார் கலங்கிப் போனார். கடைசியில் அவரே மகளை ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துப் போனார். மாப்பிள்ளையைப் பெண்ணே தேர்ந்தெடுக்கிறாள், அப்பா சம்மதிக்கிறார். இது பக்திக் கதை. ஆனால் சினிமாவில் வந்த காதல் காமெடிக்கும் அடிப்படை இதுதான்.

சினிமாவில் அது உடனே வந்துவிடவில்லை. ஸ்ரீதர் இயக்கிய முதல் படமான 'கல்யாணப் பரிசு' (1959) அக்காவும் தங்கையும் ஒருவனையே விரும்பும் கண்ணீர்க் கதை. 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) படமும் சோகம்தான். இவற்றுக்கு முன்பே பி.ஆர்.பந்துலுவின் 'சபாஷ் மீனா' (1958) வந்திருந்தது. வெளியூருக்குப் போகச் சொன்ன அப்பாவை ஏமாற்றி, மகன் தன் நண்பனை அனுப்பி வைக்கிறான். சிவாஜிக்கு ஒரு காதல், சந்திரபாபுவுக்கு ஒரு காதல்.

பிறகு 1964. அழவைத்த அதே ஸ்ரீதர், கோபுவுடன் சேர்ந்து எழுதி 'காதலிக்க நேரமில்லை' படத்தை ஈஸ்ட்மென் கலரில் கொண்டு வந்தார். டி.எஸ்.பாலையா பணக்கார எஸ்டேட் முதலாளி. மகள்கள் காஞ்சனா, ராஜஸ்ரீ. மகன் நாகேஷுக்குப் படம் எடுக்கும் பைத்தியம், கதாநாயகியாகக் கிடைத்தவர் சச்சு. காஞ்சனா காதலிப்பது முத்துராமனை. ராஜஸ்ரீ காதலிப்பது, வேலை போனதற்காக வீட்டு வாசலிலேயே கூடாரம் அடிக்கும் ரவிச்சந்திரனை. ரவிச்சந்திரனைப் பணக்காரன் என்று நம்பவைக்க முத்துராமன் கிழவர் வேஷம் போட்டு அவருக்கு அப்பாவாக வருகிறார். பிறகு முத்துராமனின் சொந்தக் காதலே அந்த வேஷத்தில் மாட்டிக் கொள்கிறது. மூன்று காதலும் பாலையா என்ற ஒரே ஆளைச் சுற்றித்தான் ஓடுகின்றன. இந்தியில் இதை 'பியார் கியே ஜா' (1966) என்று ஸ்ரீதரே எடுத்தார். அங்கே ஓம் பிரகாஷ் அப்பா.

சரி, இந்தப் படம் சிறு ஊர்களில் என்ன செய்திருக்கும்? அன்று ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன (விருதுநகர் மாவட்டம் பிரிந்தது 1985இல்). சினிமா வியாபாரத்தில் 'மதுரை-ராமநாதபுரம் ஏரியா'. ஒன்று பஞ்சாலை ஊர், இன்னொன்று கோவில் ஊர். இரண்டிலும் கல்யாணம் என்பது பெரியவர்கள் பேசி முடிப்பது. மகளின் காதல் வீட்டில் தெரிந்தால் சிரிப்பு வராது, அடி விழும். அப்படிப்பட்ட வீட்டு அப்பாவும் மகளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கக்கூடிய காதல் படம் இது. ஏமாறுகிற அப்பாவைப் பார்த்து அப்பாவே சிரிக்கலாம். கண்ணீர்ப் படங்களால் முடியாத காரியம் இது.

ஷேக்ஸ்பியரின் 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' கூட, நான் சொல்பவனைத்தான் கட்ட வேண்டும் என்று மகள் மேல் ஒரு அப்பா புகார் சொல்வதில்தான் தொடங்குகிறது. ஆனால் 2003இல் வந்த 'லவ் ஆக்சுவலி' படத்தில் கதைகளை இணைப்பது லண்டனும் கிறிஸ்துமஸும். அங்கே காதலுக்கு அப்பாவின் சம்மதம் ஒரு பிரச்னையே இல்லை. தமிழிலும் அப்பாவின் பிடி தளர்ந்தது. 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) படத்தில் நான்கு கமல், மூன்று கதாநாயகிகள். ஆனால் குழப்பத்துக்குக் காரணம் உருவ ஒற்றுமை, அப்பாவின் பிடிவாதம் அல்ல. நாகேஷ் மட்டும் இங்கேயும் இருந்தார்!

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும. 'காதலிக்க நேரமில்லை' படத்தில் பாலையா கேட்பதெல்லாம் பணம் இருக்கிறதா என்றுதான். ஜாதி என்ன என்ற கேள்வியே வரவில்லை. நிஜத்தில் அப்பாக்கள் முதலில் கேட்பது அதைத்தான். அந்தக் கேள்வியை விட்டுவிட்டதால்தான் எல்லோராலும் சிரிக்க முடிந்தது. அது படத்தின் சாமர்த்தியம், அதன் எல்லையும் அதுவே.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒவ்வொரு பங்குனி உத்திரத்துக்கும் ஆண்டாள் திருக்கல்யாணம் நடக்கிறது. பெண் தானே தேர்ந்தெடுத்த மாப்பிள்ளையோடு நடக்கும் கல்யாணம் அது. ஊரே கூடி நின்று கும்பிடுகிறது. கோவிலில் கும்பிட்டதையும் தியேட்டரில் சிரித்ததையும் வீட்டில் ஏற்றுக் கொள்வதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.