அரைப் புள்ளியில் கைமாறிய உலகப் பட்டம் (எஸ்டோரில், 1984)

பார்முலா 1 என்றதும் நம்மில் பலருக்கு ஷூமேக்கரும் சிவப்பு நிற பெராரியும்தான் ஞாபகத்துக்கு வரும். அதற்கும் முன்னால், 1984-ல், இரண்டு டிரைவர்கள் ஒரே அணியில் இருந்துகொண்டே உலகப் பட்டத்துக்காக மோதினார்கள். கடைசியில் வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? வெறும் அரைப் புள்ளி! இதைவிடக் குறைந்த வித்தியாசத்தில் இன்றுவரை யாரும் அந்தப் பட்டத்தை வென்றதில்லை.

இருவரும் மெக்லாரன் அணி. ஒருவர் ஆஸ்திரியாவின் நிக்கி லாடா. 1975, 1977 ஆண்டுகளின் சாம்பியன். 1976-ல் நர்பர்க்ரிங் விபத்தில் தீயில் கருகி, சாவின் வாசல் வரை போய்த் திரும்பியவர். அந்த வருடம் பட்டத்தை ஒரே ஒரு புள்ளியில் ஜேம்ஸ் ஹன்ட்டிடம் இழந்தார். 1979-ல் ஓய்வு பெற்று, 1982-ல் மறுபடி வந்தார். இன்னொருவர் பிரான்சின் அலன் ப்ராஸ்ட். லாடாவைவிட ஆறு வயது சின்னவர். 1983-ல் ரெனோ அணிக்காக ஓட்டி இரண்டே புள்ளிகளில் பட்டத்தைக் கோட்டைவிட்டு, மெக்லாரனுக்கு வந்து சேர்ந்தவர்.

அந்த ஆண்டின் 16-வது, கடைசிப் பந்தயம் அக்டோபர் 21 அன்று போர்ச்சுகலின் எஸ்டோரிலில். அந்த வார இறுதிக்கு முன்னால் கையில் இருந்த புள்ளிவிவரங்களைப் பார்ப்போம்.

அணியின் நிலவரம்: நடந்து முடிந்த 15 பந்தயங்களில் 11-ஐ மெக்லாரன் வென்றிருந்தது. ஜான் பர்னார்ட் வடிவமைத்த கார், போர்ஷே தயாரித்த டர்போ என்ஜின். அந்த வருடம் ஒரு காருக்கு 220 லிட்டர் எரிபொருள்தான், நடுவில் நிறுத்தி நிரப்பவும் தடை. வேகமும் வேண்டும், சிக்கனமும் வேண்டும். மற்ற அணிகள் இதில்தான் திணறின. அணிகளுக்கான பட்டம் எப்போதோ முடிவாகிவிட்டது. வருடக் கடைசியில் மெக்லாரன் 143.5, இரண்டாவது வந்த பெராரி 57.5 என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிரைவர்களின் நிலவரம்: லாடா 66, ப்ராஸ்ட் 62.5. ஆனால் வெற்றிகளில் ப்ராஸ்ட் 6, லாடா 5. தகுதிச் சுற்றிலும் அந்த வருடம் முழுக்க ஒரே ஒரு முறை தவிர ப்ராஸ்ட்தான் லாடாவுக்கு முன்னால். லாடா ஒரு தடவைகூட போல் பொசிஷன் எடுக்கவில்லை. அதற்கு முந்தைய பந்தயத்திலும் வென்றவர் ப்ராஸ்ட், லாடா நான்காவது.

கார் ஒன்று, என்ஜின் ஒன்று, டயர் ஒன்று. வேகத்திலும் வெற்றியிலும் ப்ராஸ்ட் முன்னால். ஆனால் புள்ளிப் பட்டியலில் மட்டும் லாடா முன்னால்! எப்படி? சரியாக ஓடாத நாட்கள் லாடாவுக்குக் குறைவு என்று நினைத்தால் அதுவும் இல்லை. 15 பந்தயங்களில் இருவருமே 9-ல் மட்டும்தான் புள்ளி எடுத்தார்கள். இருவருக்கும் ஆறு பூஜ்யம்.

அப்போது முதல் ஆறு இடங்களுக்கு 9, 6, 4, 3, 2, 1 என்று புள்ளிகள். லாடா வென்ற ஐந்து பந்தயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவில் ப்ராஸ்ட் இரண்டாவது வந்தார். பிரான்சில் ஏழாவது, புள்ளி இல்லை. பிரிட்டன், ஆஸ்திரியா, இத்தாலி மூன்றிலும் பாதியிலேயே வெளியேறினார். ஆக லாடா ஜெயித்த நாட்களில் ப்ராஸ்டுக்குக் கிடைத்தது மொத்தம் 6 புள்ளிகள்.

இப்போது ப்ராஸ்ட் வென்ற ஆறு பந்தயங்கள். முதல் மூன்றில் (பிரேசில், சான் மரினோ, மொனாக்கோ) லாடாவுக்குப் பூஜ்யம். ஆனால் ஜெர்மனியில் இரண்டாவது, ஹாலந்தில் இரண்டாவது, நர்பர்க்ரிங்கில் நான்காவது. மொத்தம் 15 புள்ளிகள்! மற்றவன் ஜெயிக்கும் நாளில் நமக்கு என்ன கிடைத்தது என்ற கணக்கில்தான் லாடா முன்னால் போனார்.

இது அதிர்ஷ்டம் மட்டும்தானா? ஆஸ்திரியப் பந்தயமே பதில். ப்ராஸ்ட் எண்ணெயில் வழுக்கி வெளியேறிவிட்டார். முன்னிலையில் இருந்த லாடாவுக்கு நான்காவது கியர் போய்விட்டது. பின்னால் வந்த பிக்கேவுக்கு அது தெரியவில்லை. லாடா பதறாமல் காரை மெல்ல உருட்டிக்கொண்டு போய் முதலாவதாக முடித்தார். அவசரப்பட்டிருந்தால் அந்த 9 புள்ளிகள் கிடைத்திருக்காது.

ப்ராஸ்டின் கணக்கில் இடிக்கும் அந்த அரைப் புள்ளி எங்கிருந்து வந்தது? ஜூன் 3, மொனாக்கோ. கொட்டும் மழையில் லாடா சுழன்று வெளியேறினார். முன்னால் ப்ராஸ்ட். பின்னாலிருந்து டோல்மன் காரில் அயர்டன் சென்னா என்ற புதுப் பையன் சுற்றுக்குச் சுற்று நெருங்கிக்கொண்டிருந்தார். பந்தயம் நிறுத்தப்பட்டது. 77 சுற்றுகளில் 31 மட்டுமே கணக்கில் வந்தன. விதிப்படி பாதிப் புள்ளிகள்தான். வென்ற ப்ராஸ்டுக்கு 9-க்குப் பதில் 4.5.

சரி, எஸ்டோரிலுக்கு வருவோம். ப்ராஸ்ட் வென்றால் 71.5. அப்போது லாடா இரண்டாவது வந்தே ஆக வேண்டும் (72). மூன்றாவது வந்தால் 70, பட்டம் போச்சு. ப்ராஸ்ட் இரண்டாவது என்றால் லாடாவுக்கு நான்காம் இடம் போதும். ப்ராஸ்ட் மூன்றாவது என்றால் ஆறாம் இடமே போதும். ப்ராஸ்ட் அதற்கும் கீழே போனால் லாடா ஓட்டவே வேண்டாம்.

தகுதிச் சுற்றில் பிக்கே முதலிடம், ப்ராஸ்ட் இரண்டாவது. லாடா 11-வது! கணக்கு தெரிந்த எவரும் அன்று லாடாமீது பணம் கட்டியிருக்க மாட்டார்.

ப்ராஸ்ட் சீக்கிரமே முன்னிலைக்குப் போய், தன் வேலையைக் கச்சிதமாகச் செய்தார். லாடா ஒவ்வொரு காராகத் தாண்டி, சென்னாவையும் தாண்டி மூன்றாவது இடத்துக்கு வந்தார். ஆனால் இரண்டாவதாக ஓடிய லோட்டஸ் காரின் நைஜல் மான்செல் வெகு தூரம் முன்னால். 70 சுற்றுப் பந்தயத்தில் 52-வது சுற்றில் மான்செலின் பிரேக் மக்கர் செய்தது, கார் சுழன்றது. லாடா இரண்டாவது! கடைசிவரை அந்த இடத்தை விடவில்லை. லாடா 72, ப்ராஸ்ட் 71.5.

மொனாக்கோ பந்தயம் முழுதாக நடந்து, சென்னா முந்தி, ப்ராஸ்ட் இரண்டாவது வந்திருந்தால்கூட 6 புள்ளிகள் கிடைத்திருக்கும். மற்றதெல்லாம் அப்படியே என்றால் மொத்தம் 73, ப்ராஸ்ட்தான் சாம்பியன். பாதிப் பந்தயத்தில் கிடைத்த வெற்றி, முழுப் பந்தயத்தில் வரும் இரண்டாம் இடத்தைவிட மலிவாகிவிட்டது. அதே சமயம் மூன்றாவது வந்திருந்தால் 4 புள்ளிகள்தான், நிலைமை இன்னும் மோசம். அதனால் மழையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

ப்ராஸ்ட் சும்மா இருக்கவில்லை. 1985-ல் சாம்பியன் ஆனார். பிறகு 1986, 1989, 1993 என்று மொத்தம் நான்கு பட்டங்கள். லாடா 1985 முடிவில் விடைபெற்றார். 1976-ல் ஒரு புள்ளியில் போனது, எட்டு வருடம் கழித்து அரைப் புள்ளியில் திரும்பி வந்ததாகச் சொல்லலாம்.

ஒரு பந்தய வாரத்துக்கு முன்னால் யார் அதிகம் வென்றார், யார் வேகம் என்ற பட்டியல்தான் எல்லோர் கண்ணிலும் படும். அவை பொய் இல்லை. 1984-ல் ப்ராஸ்ட்தான் வேகமானவர். ஆனால் தோற்ற நாளில் யார் எவ்வளவு எடுத்தார் என்ற பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த வருடம் பட்டம் யாருக்கு என்பது அதில்தான் இருந்தது.